சிபா சோ'ஓவில் நின்ற பொத்தான்

பாரியோ ஓப்ரேரோ பேட்டையில், எல்லாரும் மரியாதையாக 'ஞா' என்றழைக்கும் தெயோலிந்தாவின் சிபா என்னும் சீஸ் ரொட்டிக் கடைக்கு, ஆர்டர் எடுக்கும் இணையப் பக்கத்தை எழுதிக் கொடுத்தவள் சுல்மா. மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் சில நாட்களில் மட்டும் 'அனுப்பு' பொத்தான் அசையாமல் அடம்பிடித்தது. சுல்மாவின் வீட்டுக் கணினியிலோ அது ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை மடிக்கணினியோடு கடைக்கே வந்துவிட்டாள்.

"வாடி ராசாத்தி. அமுக்கி அமுக்கி விரலே தேஞ்சுபோச்சு" என்று ஐஸ் மிதக்கும் தெரெரே மூலிகைப் பானத்தை நீட்டினார் ஞா தெயோலிந்தா.

"போனை எடுங்க ஞா. அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு என் திரையில பாக்கணும். முதல்ல செட்டிங்ஸ்ல இருக்கிற இந்த பில்ட் எண்ணை ஏழு தடவை தட்டுங்க, அப்பதான் தப்பைத் தேடுற டீபக்கிங்குக்கு வழிவிடும்."

"ஏழு தடவையா? என் அடுப்பே ரெண்டு கொள்ளியில பத்திக்கும்!"

தட்டினார். சுல்மா கேபிளைச் செருகினாள். பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்ட் அவள் திரைக்கு வந்தது, ஆனால் ஒரே வரியாக நசுங்கிக் கிடந்தது. சீக்கிரம் திறக்கட்டும் என்று அவளே நசுக்கி வைத்ததுதான். மூலக் கோப்போடு பொருத்திக் காட்டும் வரைபடக் கோப்பை இணைத்ததும், அவள் எழுதிய வரிகள் வரிசையாக வந்து நின்றன. 'அனுப்பு' தொடங்கும் வரியில் ஓட்டம் அங்கே நிற்க ஒரு நிறுத்தப்புள்ளி வைத்தாள்.

"இப்ப அமுக்குங்க."

பக்கம் மங்கி உறைந்தது.

"அய்யோ, கொன்னுட்டியேடி!"

"சாகல ஞா, நான்தான் புடிச்சு வச்சிருக்கேன். இனி அடி அடியா நடக்க விடுறேன்."

சாதா சிபா தாண்டியது. ம்பெஜூ அடை தாண்டியது. மூன்றாவது பண்டத்தின் பெயர் 'சிபா சோ' என்று பாதியில் நின்றது, ஸ்கிரிப்ட் படுத்துவிட்டது.

"சோவா? அடி, அது சோ'ஓ! கறி வச்சது. இப்பதான் புதுசா ஆரம்பிச்சோம், புதனும் சனியும் மட்டும்தான் போடுவோம்."

சுல்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெயர் எங்கே முடிகிறது என்பதை மேற்கோள் குறியை வைத்துத்தான் அவள் ஸ்கிரிப்ட் கண்டுபிடித்தது. சோ'ஓவின் நடுவில் இருந்த, அதே குறி போன்ற கொக்கியையே முடிவு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. வீட்டுச் சோதனைப் பட்டியலில் அந்தப் பண்டமே இல்லை.

"இப்போதைக்கு கொக்கியை எடுத்துட்டு எழுதிடலாமா ஞா?"

"எடுத்தா நம்ம குவாரனிப் பாஷையில வெறும் 'சோ'. அறுந்துபோச்சுன்னு அர்த்தம். அறுந்த சிபாவை எவ வாங்குவா?"

சிரிப்பை அடக்க முடியாமல் நான்கு வரியை அழித்து இரண்டு வரி எழுதிப் பக்கத்தை ஏற்றினாள் சுல்மா. பொத்தானை அமுக்கினாள். ஆர்டர் போய்விட்டது! சந்தேகம் தீர இன்னொரு முறை, பிறகு சந்தோஷத்துக்காக ஒரு முறை. ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து சிபா சோ'ஓ. இப்படியே பதினோரு தடவை அமுக்கியிருப்பாள்.

முழங்கை வரை மாவோடு சமையலறையிலிருந்து தலையை நீட்டினார் தெயோலிந்தாவின் கணவர் செவேரோ.

"இங்க திரையில யாரோ சுல்மாவாம், நூத்திப்பத்து சிபா கேட்டிருக்கா. அவளுக்குக் கல்யாணமா? ரெண்டு தட்டு அடுப்புல ஏத்திட்டேன்!"

ஞா தெயோலிந்தா சிரித்துச் சிரித்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, வெந்து வந்ததும் கூடையில் துணி விரித்து, சுடச்சுட அடுக்கி, சுல்மாவின் கையில் கொடுத்தார்.

"கேட்டவளே வித்துட்டு வா."

தெருமுனையில் வந்த பேருந்தில் சுல்மா ஏறினாள். முதல் குரல் பக்கத்து இருக்கைக்குக்கூடக் கேட்கவில்லை. இரண்டாவது குரல் கடைசி இருக்கை வரை கேட்டது: "சிபா! சூடா சிபா சோ'ஓ!"

நான்காவது சந்திக்குள் கூடையில் மூன்றே மிச்சம். அவற்றில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே இறங்கினாள்.