தேயாத கட்டி

ஏரியிலிருந்து ஏற்றிவந்த படகை டிரெய்லரோடு அக்கா வீட்டுப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, படகுக்காரி இன்ஜினின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தாள். விசிறிக்கு மேலே அம்மைத் தழும்புபோல் சின்னச் சின்னக் குழிகள்.

நாளை காலை முக்குளிப்பவர்களைக் கடலுக்குள் கொண்டுபோக வேண்டும். இதுவரை ஏரி மீன்பண்ணைக்குத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். கடலில் கிடைத்த முதல் வேலை இது. அதற்காகவே சில மாதங்களாகக் கடலில் ஓட்டிப் பழகினாள். கரையேறியதும் ஒருநாளும் தவறாமல் நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினைக் கழுவியும் இருந்தாள். பிறகு ஏன் இப்படி?

விசிறியருகே திருகியிருக்கும் ஜிங்க் கட்டியைத் தொட்டாள். இன்ஜினுக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதுவோ வாங்கிய அன்று இருந்த மாதிரியே மொழுமொழுவென்று இருந்தது. கட்டி தேயவே இல்லை என்று போன வாரம் பெருமைப்பட்டவளும் அவள்தான். நகத்தால் சுரண்டினாள். சாம்பல் நிறப் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது.

"அத்தான், இதுக்குமா பெயின்ட் அடிச்சீங்க?"

படகுக்கும் இன்ஜினுக்கும் வர்ணம் பூசியவர் அக்காவின் கணவர். டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"பின்ன? முகமெல்லாம் பவுடர் போட்டுட்டு மூக்கை மட்டும் விட்டுடுவாங்களா?"

"அந்த மூக்குதான் மூச்சு விடணும் அத்தான். அதை அடைச்சுட்டீங்க, உப்பு இன்ஜினைத் தின்னுடுச்சு."

அவர் முகம் சுண்டிப்போனது. ரோஷக்காரர், ஒரு சொல் பொறுக்கமாட்டார்.

"கோவிச்சுக்கறதை நாளைக்கு வெச்சுக்குங்க. இப்ப ஸ்பேனர் எடுங்க" என்றாள்.

"போன் பண்ணி ரெண்டு நாள் தள்ளி வரச் சொல்லேன்டி" என்றாள் உள்ளேயிருந்து அக்கா.

"முதல் நாளே சாக்கு சொன்னா வேற படகைப் பிடிச்சுப்பாங்க. அப்புறம் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

முதலில் கியர் எண்ணெய். குழி உள்வரை துளைத்திருந்தால் தண்ணீர் இறங்கி எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கும். அப்படியென்றால் நாளைப் பயணம் கிடையாது. கீழ்த் திருகைத் தளர்த்தி உள்ளங்கையை ஏந்தினாள். தண்ணீர் இருந்தால் முதலில் வருவது அதுதான். வந்தது கறுத்த எண்ணெய், நூல் இழுத்தாற்போல். துளி வெளுப்பில்லை; தண்ணீர் இறங்கவில்லை. திருகை இறுக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

அடுத்து கட்டி. ஏரிக்கும் கடலுக்கும் மாறி மாறிப் போகிற படகுக்கு ஜிங்க் சரிப்படாது, நல்ல தண்ணீரில் அது தோல் கட்டிக்கொண்டு வேலை செய்யாது என்று இன்ஜின் கடைக்காரர் முன்பே அலுமினியக் கட்டி ஒன்றைக் கையில் திணித்திருந்தார். பழசு தேயட்டும் என்று பெட்டியில் போட்டு வைத்தது அவள் தப்பு. அதை எடுத்து மாட்டி, மீட்டரின் ஒரு முனையைக் கட்டியிலும் மறுமுனையை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்தாள். இரண்டுக்கும் மின்தொடர்பு இருந்தால் கீச்சிட வேண்டும்; சத்தமே இல்லை.

"மீட்டர் பேட்டரி போயிருக்கும்" என்றார் அத்தான்.

இரண்டு முனைகளையும் ஒட்டவைத்தாள். கீச்சென்றது.

"மீட்டர் பேசுது. கட்டிதான் வாயைத் திறக்கல. அது உக்கார்ற இடத்துலயும் உங்க பெயின்ட் இருக்கு."

அவர் கட்டியைக் கழற்றி, அவள் கையிலிருந்த உப்புத்தாளைப் பிடுங்கிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தார். திருகுத் துளை ஓரம்வரை வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்தார். மறுபடி மாட்டினார்கள். மீட்டர் கீச்சென்றது.

அத்தான் எழுந்து, தலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தக் குழியில எல்லாம் லேசா ஒரு கை அடிச்சுடவா?"

"குழியில அடிங்க, அது வேணும்தான். கட்டிப் பக்கம் பிரஷ் போச்சுன்னா நாளைக்கு உங்களையும் கடல்ல இறக்கிடுவேன்."

"எனக்கு நீச்சல் தெரியாதே."

"தெரியும். அதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, டிரெய்லர் சக்கரத்துக்கு கிரீஸ் வைக்கப் போனாள்.