இடது கன்னம்

ஆஷிகாவைப் பேசி முடிக்க வீரகேரளம்புதூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மேலகரத்துக்கு வந்திருந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் வாப்பா துல்கர்னைன் அடித்த கூத்துதான் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தது.

மனுஷன் சவூதியில், தம்மாமில் இருபத்தாறு வருஷம் டிரெய்லர் ஓட்டினவர். வயசு ஐம்பத்திரண்டு. வலது கன்னத்தைப் பார்த்தால் நாற்பது சொல்லலாம், இடது கன்னத்துக்கோ எழுபது கூடச் சொல்லலாம். தோல் தடித்து, கோடு கோடாகி, கண்ணுக்குக் கீழே பை தொங்கும். அந்த வெட்கத்தில் போட்டோ என்றாலே வலப்பக்கத்தைத்தான் காட்டுவார். அன்றைக்கும் இடது கன்னத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். குற்றாலத்துச் சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம், நீட்டின டீயை வாங்கத் திரும்பினார். ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழுந்தது.

மாப்பிள்ளையின் தாயார் சைதூன் பீவி தன் நாத்தனார் காதில் குசுகுசுத்தாள். "வாதம் வந்து இழுத்திருக்கு போல. இவ்வளவு நேரம் மறைச்சிருக்காவ பாரு. இன்னும் என்னத்தையெல்லாம் மறைக்காவளோ!"

அது துல்கர்னைனின் மனைவி ஹைருன் பீவி காதிலும் விழுந்துவிட்டது. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்ற பிள்ளையின் சம்பந்தமல்லவா கைநழுவப் போகிறது! விறுவிறுவென்று உள்ளே போய், பீரோவிலிருந்த மூன்று பாஸ்போர்ட்டுகளை எடுத்து வந்தாள். இரண்டு பழசு, காலம் முடிந்து மூலை வெட்டினவை. மூன்றையும் விரித்து வரிசையாக வைத்தாள்.

"மைனி, நல்லாப் பாருங்க. இது இருபத்திநாலு வயசு. ரெண்டு கன்னமும் ஒண்ணுபோல. இது முப்பத்திநாலு. பத்து வருசம் வெயில் குடிச்ச தோலு, ஆனா கண்ணோரத்துல லேசா ஒரு கோடுதான். இது நாப்பத்திநாலு. எளந்தாரியா இருக்கயில பட்ட வெயிலெல்லாம் சேந்து அப்பதான் வெளிய வருது. நாலாவது, இந்தா, உங்க முன்னால உக்காந்திருக்கு. அங்கன ஸ்டீயரிங் இடது பக்கம். கண்ணாடிய ஏத்தி ஏசி போட்டாலும் வெயில் தோலத் தின்னத்தான் செய்யுமாம், தோல் டாக்டரே சொன்னாரு. வாதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

மாப்பிள்ளையின் வாப்பா உவைஸ் லேசில் விடவில்லை. செங்கோட்டை ரூட்டில் முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறவர்.

"நானும் டிரைவர்தாம்மா. என் இடது கன்னத்தப் பாரு, வழுவழுன்னு இருக்கு."

"அண்ணாச்சி, இங்கன ஸ்டீயரிங் எந்தப் பக்கம்? அந்த வலது கன்னத்தக் கொஞ்சம் காட்டுங்க."

உவைஸ் திரும்பினார். அதே கோடு, அதே தடிப்பு. சைதூன் பீவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அல்லாவே! முப்பது வருசமா இந்த மனுசனுக்குச் சோறு போடுதேன், இதப் பாக்கலியே!" வீடே சிரித்தது. அதிகமாகச் சிரித்தது உவைஸ்தான்.

சிரிப்பு அடங்கியதும் அவர் எழுந்து வந்து துல்கர்னைனின் தோளைப் பிடித்தார். "சம்பந்தி, இத ஏன் ஒளிச்சிய? ஒளிச்சதுலதான எங்களுக்குச் சந்தேகம் வந்துது. நிக்காஹ் அன்னைக்கு என் மவன் கையப் பிடிச்சுப் பொண்ணக் குடுக்கயில, சபைக்கு நேராத் தலை நிமிந்து உக்காரணும்."

துல்கர்னைன் சுவரை விட்டு நகர்ந்து எல்லாருக்கும் நேராக உட்கார்ந்தார். ஹைருனுக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. அவர் பக்கத்தில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"அம்புட்டு வெயிலையும் இவரு ஒத்த ஆளா வாங்கிக்கிட்டாரு. எம் பிள்ளைங்க ஒண்ணு மேலயும் பட விடல."