தொட்டிக்குள் ஆவி

அமரவிளை அரிசி மில்லில் நெல் ஊறும் தொட்டிக்குள் ஆவியைத் திறந்துவிட்டு, பொன்னுதாஸ் தொட்டிச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார். சூடேறாத பச்சைத் தண்ணீருக்குள் பாயும் ஆவி அந்தக் கணமே அடங்கித் தண்ணீராகிவிடும். அடங்கும்போது கல் உடைப்பதுபோலச் சத்தம் வரும். தண்ணீர் சூடாகச் சூடாக அது தணிந்து முனகலாகும். இருபது வருடமாக அந்தச் சத்தத்தை வைத்தே அவர் பதம் பார்த்துவந்தார். மனைவி ஜெயபாய் இறந்த பிறகு காது மெல்ல அடைத்துக்கொண்டே போனது. இப்போது சுவரின் அதிர்வுதான் துணை. காது கேளாதது ஒரு வருடமாக யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் அளவுக்கு யாரும் அவரோடு பேசவுமில்லை.

மகள் மினி பம்பாயில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டு லேகாவின் போனுக்கு அழைப்பாள். காதில் விழாத பேச்சுக்கெல்லாம் "சரி மோளே, சரி" என்று சொல்லி வைத்துவிடுவார். போன வாரம் லேகா அவர் முகத்துக்கு நேராக வந்து, உதடசைவு புரியும்படி கேட்டாள்.

"மாமா, மினி கரஞ்சோண்டுல்லா இருந்தா. எதுக்காக்கும்?"

மகள் ஏன் அழுதாள் என்று அவருக்குத் தெரியவில்லை. வாரம் முழுக்க அதுவே மனதில் கிடந்தது.

அன்று காலை பாய்லருக்கு விறகு தள்ளுவதற்காக ஆவியை நிறுத்தினார். நிறுத்தினால் குழாயில் மிஞ்சிய ஆவி குளிர்ந்து, தொட்டித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி மெல்லத்தான் திறக்க வேண்டும். ஏறிய தண்ணீர் வெளியே போகும்வரை குழாய் இடிக்கும்; இடி நின்ற பிறகே முழுக்கத் திறக்கலாம். வால்வு தொட்டியிலிருந்து தள்ளி இருந்ததால், மனதுக்குள் எண்ணிக்கொண்டு திறப்பது அவர் வழக்கம். அன்று எண்ணிக்கை எங்கோ நழுவியது. மினி எதற்கு அழுதாள்? கை வால்வைத் திருகிக்கொண்டே போனது.

நெல் காயவைக்கும் தங்கபாய் கூடையோடு உள்ளே வந்தவள் கத்தினாள். "அண்ணா, அடையுங்க! குழாய் இடிக்கு!"

அவர் திரும்பவில்லை. குழாயின் இணைப்பு பிளந்து கொதிநீர் அவள் முழங்கையில் அடித்தது. கூடை உருண்டு காலில் மோதியபோதுதான் அவர் பார்த்தார். வால்வை அடைத்துவிட்டு ஓடினார்.

முதலாளி மோகனன் வந்தபோது தங்கபாய் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாந்தான் குறுக்க போயிட்டேன்" என்றாள். அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியதிலிருந்தே, பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்று பொன்னுதாஸுக்குப் புரிந்துவிட்டது. அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

"இல்ல மொதலாளி. அவ கத்தியிருப்பா. எனக்குச் செவி கேக்காது. வருஷம் ஒண்ணாச்சு."

மறுநாள் பாய்லருக்கு வேறு ஆள் வந்தான். பொன்னுதாஸுக்குக் களத்தில் நெல் கிளறும் வேலை.

அந்த ஞாயிறு மினியின் போன் வந்தபோது அவர் அதை வாங்கவில்லை. "அவ எதுக்குக் கரஞ்சான்னு நீயே கேட்டு எழுதித் தா, மோளே" என்று லேகாவிடம் சொன்னார். "எனக்குக் கேக்காதுன்னும் சொல்லு."

பத்து நாள் கழித்துத் தங்கபாய் கையில் கட்டோடு வேலைக்கு வந்தாள். வெயிலில் அவர் முதுகைக் காட்டி நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். அவள் கூப்பிடவில்லை. நல்ல கையால் ஒரு பிடி நெல்லை அள்ளி அவர் முதுகில் எறிந்தாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவள் கட்டுப்போட்ட கையைத் தூக்கி, தேநீர் வந்திருக்கும் பக்கம் காட்டிக்கொண்டிருந்தாள்.