முட்டை வியர்க்கட்டும்

முட்டைத் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் பூட்டக்கா. வேலைக்கு வரும் அறுபத்தொரு பெண்களும் செல்போனை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே காலை வைக்க வேண்டும். எண் போட்ட லாக்கர்களில் அவற்றை வைத்துப் பூட்டிச் சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொள்வாள். அப்புறம் சாயங்காலம் வரை வீட்டில் யார் விழுந்தார், யார் எழுந்தார் என்று உள்ளே ஒருத்திக்கும் தெரியாது. வேலை கெடக் கூடாதாம், மேனேஜர் போட்ட சட்டம். அவருடைய போன் மட்டும் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் எல்லாப் போனிலும் சுழற்காற்று எச்சரிக்கை வந்தது. பூட்டக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி, அத்தனை பேரையும் குளிரறைக்குள் தள்ளிவிட்டாள். முட்டைத் தட்டுகளை அடுக்கி வைக்கும் அந்த ஓர் அறைக்குத்தான் கான்கிரீட் சுவரும் கான்கிரீட் கூரையும், ஜன்னல் கிடையாது. மற்றதெல்லாம் தகரம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாத அகலக் கூரை. காற்று ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் போதும், கதை முடிந்தது.

அன்றைக்குக் காற்று கட்டடத்தைத் தொடவில்லை. வாசல் போர்டைச் சாய்த்துவிட்டு எங்கேயோ போய்விட்டது. ஆனால் அறுபத்துச் சொச்சம் பேரின் மூச்சுச் சூட்டில் குளிர்ந்த முட்டையெல்லாம் வியர்த்துப்போயின. வியர்த்த முட்டை சீக்கிரம் கெடும். வாங்குகிறவர்கள் ஒரு லாரி முட்டையை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அதை ஈடுகட்ட எல்லாரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர வேண்டியதாயிற்று. பெண்கள் பூட்டக்காவைக் கரித்துக் கொட்டினார்கள். விளக்கு மேசையில் உட்கார்ந்து முட்டையில் விரிசல் பார்க்கும் அவளுடைய சொந்த நாத்தனாரே, "எங்கண்ணி வானத்தப் பாத்தாலே போதும், நம்ம லீவு காலி" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். மேனேஜர் ஒரு கடிதம் கொடுத்தார். அனுமதி இல்லாமல் இன்னொரு தடவை வேலையை நிறுத்தினால் அன்றே கடைசி நாள்.

பூட்டக்காவின் புருஷன் முதுகெலும்பு அடிபட்டு இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடந்தான். ஐந்து மாதம் வாசல் வாசலாக ஏறி இறங்கிக் கிடைத்த வேலை இது. போனால் வீட்டில் அடுப்பு எரியாது. கடிதத்தை நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு மதியம் இரண்டே காலுக்கு, லாக்கர்கள் மறுபடியும் ஒரே குரலில் அலறின. பூட்டக்கா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். அவள் கையிலிருந்த போனும் கத்தியது. 'உங்கள் மாவட்டத்தில் சுழற்காற்று தரையிறங்கிவிட்டது. உடனே கட்டடத்தின் உள்ளறைக்குச் செல்லவும். ஜன்னல்களை விட்டு விலகவும்.' இன்டர்காமை எடுத்தாள்.

"சார், எச்சரிக்கை வந்திருக்கு."

"நானும் பாத்தேன்மா. வெளிய எட்டிப் பாருங்க, வெயில் பளிச்சுனு அடிக்குது."

"வெயில் அடிச்சா காத்து வராதுன்னு யார் சார் சொன்னது? இறங்கிடுச்சுன்னே போட்டிருக்கு!"

"எங்க இறங்கிச்சு? மாவட்டம் என்ன நம்ம கொல்லைப்புறமா? தலைமை ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க இடத்த விட்டு அசையக் கூடாது. நாலு மணிக்கு லாரி வருது."

அசையக் கூடாதாம்! அவளும் உட்கார்ந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொரு நிமிஷம். மறுபடி லாக்கர்களுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. இது எச்சரிக்கைச் சத்தம் கிடையாது. பாட்டு, மணி, குருவிக் குரல், குழந்தைச் சிரிப்பு என்று ஆளுக்கொரு அழைப்பு. ஒரு லாக்கரைத் திறந்தாள். திரையில் 'அம்மா'. அடுத்ததில் 'வீடு'. அதற்கடுத்ததில் 'பெரியவன்'. இருபது முப்பது வீடுகளிலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள், எடுக்க ஆள் இல்லை. சாவிக் கொத்து அவள் கையில் இருந்தது.

பூட்டக்காவுக்குப் பயம்தான், வேறென்ன? வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், இத்தனை பேர் அந்தத் தகரத்துக்கு அடியில் நிற்கிறார்களே என்ற பயம் ஒரு பக்கம். இந்த இரண்டில் எது பெரிது என்று யோசிக்க அவளுக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. "போனாப் போகட்டும், போடா" என்று இன்டர்காமைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அழுக்கு ஏப்ரன் போடும் தள்ளுவண்டியைக் கவிழ்த்துக் காலி செய்தாள். லாக்கர் லாக்கராகத் திறந்து போன்களை அள்ளி அதில் கொட்டினாள். வாசல் பிளாஸ்டிக் திரையை முட்டித் தள்ளிக்கொண்டு நேராக வேலை நடக்கும் கூடத்துக்குள் போனாள்.

உள்ளே முட்டைகளைத் தரம் பிரிக்கும் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. போன தடவை கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இந்த முறை அவள் வாயே திறக்கவில்லை. மெஷினின் சிவப்புப் பொத்தானில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். சத்தம் நின்றது.

"ஐயோ, மறுபடியுமா!" என்று ஒருத்தி தலையில் கை வைத்தாள். நாத்தனார் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணி, உனக்கு வேற வேலையே கிடையாதா? இந்த ஞாயித்துக்கிழமையும் எங்க உசுர…"

பாதியில் நிறுத்தினாள். தள்ளுவண்டிக்குள்ளிருந்து குழந்தைச் சிரிப்பு கேட்டது. அவள் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது பதிவு செய்து வைத்தது. இப்போது அவனுக்கு இருபது வயது, நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் வேலை. ஓடி வந்து வண்டியைக் கிளறிப் போனை எடுத்தாள். அவன் போட்ட கூச்சல் கூடம் முழுக்கக் கேட்டது.

"எங்கம்மா தொலஞ்ச? எத்தன தடவ கூப்புடறது? அது ரோட்டத் தாண்டி உங்க பக்கமா வருதும்மா! கண்ணால பாத்துட்டு நிக்கறேன்! உள்ள போ, உள்ள போ!"

அவ்வளவுதான். மற்ற அறுபது பேரும் வண்டியைச் சூழ்ந்தார்கள். எடுத்த போனிலெல்லாம் அதே பேச்சு. பூட்டக்கா சொன்னால் நம்பாதவர்கள் வீட்டு ஆட்கள் சொன்னதும் நம்பினார்கள். நம்பட்டுமே, யார் சொல்லி நம்பினால் என்ன? ஆள் உள்ளே போனால் சரி.

குளிரறை வாசலில் மேனேஜர் கையை விரித்துக்கொண்டு நின்றார். மாடி ஆபீஸிலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"யாரும் உள்ள போகக் கூடாது! முட்டை வியர்க்கும்!"

"வியர்க்கட்டும் சார்" என்றாள் பூட்டக்கா. "முட்டைக்குத்தானே வியர்க்கப் போகுது? தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றாரா, தள்ளப்பட்டாரா என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. எப்படியோ அவரும் உள்ளேதான் இருந்தார். கதவைச் சாத்தினார்கள். தட்டுகளுக்கு நடுவில், சில்லென்ற தரையில், முழங்காலுக்குள் தலையை வைத்து எல்லாரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். விளக்கு போயிற்று. காது அடைத்தது. வெளியே தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. யாரோ ஒருத்தி விசும்பினாள். பூட்டக்கா இருட்டில் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். அறுபத்தொன்று வந்தபிறகுதான் அவளும் உட்கார்ந்தாள்.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தால், கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. ஓரத்தில் இரண்டு தகரம் மட்டும் தொங்கியது. காற்று அரை மைல் தள்ளி வயலுக்குள் திரும்பி, தீவனக் கிடங்கு ஒன்றைப் பிய்த்துக் குட்டையில் போட்டுவிட்டுப் போயிருந்தது. மின்சாரம் வந்ததும் மேனேஜர் முதல் வேலையாக மெஷினை ஓடவிட்டார். அப்புறம் ஒரு தட்டிலிருந்து முட்டையை எடுத்துத் தடவினார். விரல் ஈரமானது. மனுஷருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

பூட்டக்காவை மாடிக்கு வரச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் முன்னால் தள்ளினார். மற்ற பெண்கள் வேலைக்குத் திரும்பாமல் மாடிப்படியில் ஏறி, கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். போன்கள் அவரவர் கையில்.

"பாத்தீங்களா? இன்னிக்கும் ஒண்ணும் ஆகல!" என்றார் மேனேஜர்.

"ஆகலதான் சார். ஆகிடக் கூடாதுன்னுதானே கூட்டிட்டுப் போனேன்."

"வாய்ப் பேச்சு வேணாம். தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிடுங்க, இனிமே சொல்லாம செய்ய மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா இப்பவே கிளம்புங்க."

பூட்டக்கா பேனாவை எடுத்தாள். படுத்துக்கிடக்கும் புருஷன் கண்ணுக்கு முன்னால் வந்தான். அவனுடைய மாத்திரை, வீட்டு வாடகை, அரிசி எல்லாம் வந்தன. நான்கு வரிதானே, எழுதினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

"அண்ணி" என்று கதவருகிலிருந்து நாத்தனார் குரல் வந்தது. "எழுதிக் குடுத்தன்னு வையி, எங்கண்ணன் வீடா இருந்தாலும் சரி, உன்ன வாசப்படி ஏற விடமாட்டேன்."

யாரோ சிரித்தார்கள். பூட்டக்காவுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

"தெரியாம செய்யல சார். தெரிஞ்சேதான் செஞ்சேன். பத்து தடவ எச்சரிக்கை வந்து பத்து தடவையும் காத்து தள்ளிப் போனாலும், பதினொண்ணாவது தடவையும் உள்ளதான் கூட்டிட்டுப் போவேன். இத வேணா எழுதித் தரேன்."

"அப்படின்னா உங்களுக்கு இன்னியோட…"

அறுபத்தொரு போனும் ஒரே நேரத்தில் அலறின. மேனேஜரின் சட்டைப் பையும் அலறியது. முதல் காற்றுக்குப் பின்னாலேயே இன்னொன்று கிளம்பியிருந்தது.

மேனேஜர் பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே நல்ல வெயில். அவர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது கதவருகில் ஒருத்தியும் இல்லை. படிக்கட்டு அதிர்ந்தது. மெஷின் தடதடப்பு அடங்கியது. யாரோ போகிற போக்கில் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருந்தார்கள்.

பூட்டக்கா குளிரறைக் கதவைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஐம்பத்தொன்பது, அறுபது. நாத்தனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியபடி நுழைந்தாள், அறுபத்தொன்று. கடைசியாக மேனேஜர் வந்தார். கையில் அந்த வெள்ளைத் தாள். வாசலிலேயே நின்று, "உங்களுக்கு இன்னியோட வேல இல்ல, புரியுதா?" என்றார்.

"சரி சார். வெளிய வந்ததும் தூக்குங்க" என்று சொல்லி அவர் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள் பூட்டக்கா. "இப்ப குனிஞ்சு உக்காந்து தலைமேல கைய வைங்க."