கணக்கில் வராத அக்கா

பன் ட்ரேயை அடுப்பிலிருந்து இழுத்ததும் பேக்கரிக்காரர் கண் முதலில் போவது கருகிய பன்களின் மேல்தான். நன்றாக வெந்தவை அவர் கண்ணில் படவே படாது. கருகியதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, சுவரில் தொங்கும் சிலேட்டில் கோடு போடுவார். நூற்றுக்கு ஒன்றிரண்டு என்றால் பேச மாட்டார். ஐந்தாறு என்று ஏறினால் போச்சு, வேலையாட்களை ஒரு பிடி பிடிப்பார்.

"கருகினதை வாயில போட்டு மறைக்காதீங்கய்யா! எத்தனை கருகுச்சுன்னு தெரிஞ்சாத்தானே அடுப்புல எந்தப் பக்கம் கோளாறுன்னு தெரியும்?"

இவ்வளவு கறாரான மனுஷன்தான் சொந்த வீட்டில் ஓர் ஆளையே கணக்கில் விட்டிருந்தார்.

அன்று காலை கடைக்குக் குடைக்காரம்மா வந்தார். சுகாதாரத் துறையின் கணக்கெடுப்பு ஊழியர். வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதனால் தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. சில வீட்டில் நாய் துரத்தும். சில வீட்டில், "எங்க வீட்ல யாரும் சாகலை, போம்மா" என்று கதவைச் சாத்துவார்கள். இந்த அம்மாவோ நூறாவது வீட்டிலும் முதல் வீட்டில் கேட்ட அதே குரலில் கேட்பார். எனக்கெல்லாம் பத்தாவது வீட்டிலேயே பொறுமை போயிருக்கும்.

"உங்க அம்மா வயித்துல பொறந்த பொண்ணுங்க எத்தனை பேரு சார்?"

"ரெண்டு. ரெண்டும் தங்கச்சிங்க. நல்லா இருக்காங்க."

குடைக்காரம்மாவின் பேனா அசையவில்லை. "இப்ப உயிரோட இல்லாதவங்களையும் சேர்த்துத்தான் கேக்கறேன்."

"அதான் சொல்றேனே, ரெண்டு!"

குரல் உயர்ந்துவிட்டது. மேசையருகே ரொட்டிப் பொட்டலங்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எட்டாம் மாதம். தன் செருப்பு காலில் நுழையாமல் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு நாளாகத் தலைவலி வேறு. "வயித்துப் புள்ளக்காரிக்குக் கால் வீங்காம வேற யாருக்கு வீங்கும்?" என்று காலையில்தான் அவள் அம்மா சிரித்திருந்தாள்.

"அவசரமில்ல சார். யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் குடைக்காரம்மா.

யோசிக்க என்ன இருக்கிறது? பேக்கரிக்காரருக்கு ஓர் அக்கா இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பத்தில், ஒரு காலை நேரத்தில், அவர் மடியிலேயே தலை வைத்து வலிப்பு வந்து செத்துப்போனாள். அப்போது அவருக்குப் பதினேழு வயது. 'வலிப்பு இருக்கிற வம்சம்னு பேராயிட்டா சின்னதுங்க ரெண்டையும் எவன் கட்டுவான்?' என்று வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி, காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னார்கள். கேள்வி வருமென்று படம்கூட மாட்டவில்லை. முப்பது வருஷமாக அவள் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. இப்போது வாயைத் திறந்தால் மகளின் மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் என்ன நினைப்பார்கள்?

"ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்," என்று குரலைத் தணித்தார். "ஒரு ஆளை விட்டுட்டா உங்க கணக்கு என்ன குடியா முழுகிடும்?"

"ஒரு லட்சம் குழந்தை பொறந்தா அதுல எத்தனை தாய் சாகறாங்கன்னுதான் எங்க கணக்கு சார். எல்லாச் சாவும் ஆஸ்பத்திரி ஏட்டுல வர்றதில்ல. அதனாலதான் கூடப் பொறந்தவங்ககிட்ட வந்து நிக்கறோம். நூறு வீட்ல காய்ச்சல்னு சொல்லிட்டா நூறு தாய் காணாமப் போயிடறாங்க. மேல இருக்கறவங்க, பரவாயில்லையே, இங்க யாரும் சாகலைன்னு மருந்தை வேற பக்கம் அனுப்பிடுவாங்க."

பேக்கரிக்காரர் சிலேட்டைப் பார்த்தார். 'அட பாவி, பன்னுக்குப் போட்ட கோட்டைக்கூட அவளுக்குப் போடலையேடா' என்று தன்னையே திட்டிக்கொண்டார். அடுப்பங்கரைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு பேரும்மா. மூத்தவ ஒருத்தி இருந்தா. வலிப்புல போயிட்டா."

குடைக்காரம்மா இப்போதுதான் எழுதினார். ஐயோ பாவம் என்று ராகம் இழுக்கவில்லை. "அப்ப கர்ப்பமா இருந்தாங்களா?" என்றார்.

"எட்டு மாசம்."

"கால், முகம் வீங்கியிருந்துச்சா?"

"என் செருப்பைத்தான் போட்டுக்கிட்டு நடந்தா..." சொல்லும்போதே அவர் பார்வை மகளின் காலுக்குப் போனது.

"தலைவலி?"

மகள் நெற்றியை அழுத்திக்கொண்டு, "அப்பா, கண்ணு ஒரு மாதிரி மங்கலா தெரியுதுப்பா," என்றாள்.

குடைக்காரம்மா தாளை மடித்துப் பைக்குள் போட்டார். "மத்ததை அப்புறம் எழுதிக்கலாம் சார். மொதல்ல வண்டி கூப்பிடுங்க. உங்க அக்காவுக்கு வந்தது வம்சத்துல வர்ற வலிப்பு நோய் இல்ல. கர்ப்பத்துல ரத்தக் கொதிப்பு ஏறினா வர்றது. நேரத்துக்குப் போனா பொண்ணைக் காப்பாத்திடலாம்." சொன்னதோடு நிற்காமல் தானும் வண்டியில் ஏறி, வழியெல்லாம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். எழுதும் வேலைக்குத்தான் சம்பளம், இதற்கில்லை.

ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கம். உடனே ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். தம்மாத்துண்டு பெண் குழந்தை, ஆனால் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது. தாயும் பிழைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு நல்ல நேரம்," என்றார் நர்ஸ். "மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த வலிப்புத் தடுப்பு ஊசியே இங்க கிடையாது. போன கணக்கெடுப்புல, வலிப்புல செத்தவங்க இத்தனை பேருன்னு தெரிஞ்ச பிறகுதான் அனுப்பினாங்க."

பேக்கரிக்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில், சேதி கேட்டு ஓடி வந்த சம்பந்தியம்மா. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அக்கா கதை முழுவதையும் சொன்னார். திட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அந்தம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"என் கூடப் பொறந்தவளும் இப்படித்தான் போனா, சம்பந்தி. நாங்களும் காய்ச்சல்னுதான் சொன்னோம். போன வாரம் அந்தக் குடைக்காரம்மா வந்தப்பகூட, எனக்கு அக்கா தங்கச்சியே இல்லைன்னு அனுப்பிட்டேன்."

"நானும் ரெண்டு தடவை கேட்டும் அப்படித்தானே மறைச்சேன்," என்றார் பேக்கரிக்காரர். கண்ணீர் ஓட ஓடத் துடைக்காமல் பேசினார். "எவனோ முகம் தெரியாத ஒரு அண்ணனோ தம்பியோ வெக்கத்தை விட்டுட்டு, என் கூடப் பொறந்தவ இப்படித்தான் செத்தான்னு சொன்னானே, அவன் சொன்னதுல வந்த ஊசிம்மா என் பொண்ணு உடம்புல போனது! நாம மறைச்சதுல யாரைக் காப்பாத்தினோம்? தாய் செத்தா மறைக்கக் கூடாதும்மா, சொல்லணும். சொன்னாத்தான் அடுத்த தாய் பிழைப்பா."

சம்பந்தியம்மா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வார்டு வாசலில் கறுப்புக் குடை ஒன்று மடக்கிச் சாத்தியிருந்தது.

"அந்தம்மா இன்னும் போகலையே? கூப்பிடுங்க சம்பந்தி. என் தங்கச்சியையும் எழுதிக்கட்டும்."