இடப்பக்கம் மணல், வலப்பக்கம் நீலம்

எங்கள் தெருவில் எனக்கு 'மைக்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியாதென்று அவர்களுக்குத் தெரியும். நான் பேசினால் தெருமுனை வரை கேட்கும், ஏசினால் அதைத் தாண்டியும் கேட்கும். அப்படிப்பட்ட நான் ஒரு சாயங்காலம் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மருமகளின் பைக் விழுந்த அன்றைக்கு அது நடந்தது.

முதலில் மருமகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருமையாகத்தான் சொல்வேன், பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நின்றால் என் தோள் உயரம்தான் இருப்பாள். அவள் அப்பா பைக் பட்டறை வைத்திருந்தவர். கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பெட்டியில் பாதி ஸ்பேனர்தான். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோய், அவள் அதைப் பிரித்துப் போட்டு ஓட வைத்தாளே, அன்றோடு என் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு வேறு யாராவது சிரித்தால் அவர்களை நான் சும்மா விட்டதில்லை.

அவளுடைய ஆஸ்பத்திரியில் முதலுதவி பைக் என்று புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். ஆம்புலன்ஸ் நெரிசலில் நகர்ந்து வருவதற்குள் ஒரு நர்ஸ் பைக்கில் முன்னால் போய் உயிரைப் பிடித்து வைக்க வேண்டும். ஒரே ஒரு இடம், எத்தனையோ பேர் போட்டி. ஓட்டித் தேர்வாக வேண்டும், அதுவும் அவரவர் சொந்த பைக்கில். பைக்கைப் பரிசோதித்துச் சரியில்லை என்றால் ஓட்டவே விடமாட்டார்கள். அவள் அப்பா பட்டறையில் மயங்கி விழுந்தபோது ஆம்புலன்ஸ் சந்து முனையில் சிக்கிக்கொண்டு ஒலி எழுப்பிக்கொண்டே நின்றதாம். அதை என்னிடம் அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். இந்த வேலை அவளுக்கு ஏன் வேண்டும் என்று பிறகு நான் கேட்டதில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் மாடிவீட்டுக்காரர்கள் காலி செய்தார்கள். சாமான் ஏற்ற வந்த ஆட்கள் காலையிலிருந்தே தடதடவென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மருமகள் இரவு வேலை முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். பைக் கேட்டுக்கு உள்ளே சைடு ஸ்டாண்டில் நின்றது. கடைசியாக இறங்கியது பீரோ. நான் சமையலறையில் இருந்தேன். தொம் என்று ஒரு சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தபோது லாரி தெருமுனை திரும்பிவிட்டது. பைக் இடப்பக்கமாகச் சரிந்து, தரை பூச நாங்கள் கொட்டி வைத்திருந்த மணல்மேல் படுத்துக் கிடந்தது.

அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு கையால் ஹேண்டிலையும் இன்னொரு கையால் பின்னாலிருந்த கம்பியையும் பிடித்தேன். லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே மூச்சைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கினேன். பைக் எழுந்துவிட்டது. எழுந்தால் போதுமா, நிற்க வேண்டாமா? ஸ்டாண்ட் மடங்கிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. எழுந்த வேகத்தில் வண்டி என் கையை விட்டு அந்தப் பக்கம் சாய்ந்தது. முன்சக்கரம் வாசல்படிக்கும் கேட்டுத் தூணுக்கும் நடுவில் செருகிக்கொண்டது. ஹேண்டிலின் வலது முனை தூணில் மோதி உரசிக்கொண்டே கீழே போனது. இந்தச் சத்தம் முதல் சத்தத்தைவிடப் பெரிது.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சரியாய்ப் போயிற்று. இரண்டாவது தடவை ஸ்டாண்டை முதலில் இழுத்துவிட்டு, பிறகு தூக்கினேன். நின்றது. சுற்றிப் பார்த்தேன், தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தெருவே கேட்க லாரிக்காரனை ஏச ஆரம்பித்தேன். காலி செய்து போன மாடிவீட்டுக்காரரிடம் போனில் அவன் நம்பரை வாங்கி, அவனையும் கூப்பிட்டு ஏசினேன். பீரோவின் கால் லேசாக இடித்திருக்கலாம், விழுந்ததைப் பார்க்கவில்லை என்று அவன் சத்தியம் செய்தான். லேசாகவா என்று அதற்கும் சேர்த்து ஏசினேன்.

அந்தக் கூச்சலில் மருமகள் எழுந்து வந்தாள். என் மகனும் தையற்கடையை அடைத்துவிட்டு வந்துசேர்ந்தான். அவள் பைக்கின்மேல் ஏறி உட்கார்ந்து முன்னால் பார்த்தாள். சக்கரம் நேராகத் தெருவைப் பார்த்தது. ஹேண்டில் வலது பக்கமாகத் திரும்பி எங்கள் ஜன்னலைப் பார்த்தது.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். பதறவில்லை, யாரையும் திட்டவில்லை. பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றி, என் மகனைப் பின்னால் உட்காரச் சொன்னாள். அவன் எடைக்கு முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஹேண்டிலை ஒரு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக நகர்த்தினாள். நடுவில் எங்காவது தட்டுகிறதா, இறுகுகிறதா என்று பார்க்கிறாளாம். வண்டியின் கழுத்துக்குள்ளே ஹேண்டில் சுழல்வதற்குக் கோன்செட் என்று ஒன்று இருக்கிறது. அதில் பள்ளம் விழுந்திருந்தால் அந்த இடத்தில் தட்டுமாம். தட்டவில்லை. பிறகு சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்களையும் அடியில் பற்றி முன்னும் பின்னும் ஆட்டினாள். ஆட்டமும் இல்லை. மகனின் கடையிலிருந்து கெட்டி நூல் வந்தது. பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை தரையை ஒட்டி இழுத்துக் கட்டி, மண்டியிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நின்றன.

கடைசியாக என் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கேட்டாள். எதற்கு என்று புரியாமலே சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். அதை அந்த இரண்டு குழாய்கள்மேலும் படுகிற மாதிரி சாய்த்து வைத்தாள். குழாய்கள் இரண்டும் சமமாக இருந்தால் கண்ணாடி நாலு மூலையும் ஒட்டி உட்கார வேண்டும். ஒரு மூலை ஒட்டவில்லை. அந்த இடுக்கில் ஒரு தீக்குச்சி உள்ளே போய் வந்தது. கண்ணாடியில் என் மூஞ்சி தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அத்தை, நீங்க வந்து பாக்கும்போது எந்தப் பக்கம் விழுந்து கிடந்துச்சு?"

இடப்பக்கம், மணல்மேல் என்றேன். பொய்யில்லையே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு முதல் கரண்டிச் சோறு எப்போதும் உண்மையாகத்தான் இருக்கும்.

அவள் யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடப்பக்கக் கைப்பிடியில் மணல் ஒட்டியிருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை. வலப்பக்க முனையில் தூணின் நீலப் பெயிண்ட் அப்பியிருக்கிறது, பிரேக் லீவரின் நுனி தேய்ந்திருக்கிறது. மணலில் சாய்ந்த வண்டிக்கு வலப்பக்கம் எப்படி அடிபடும்? அப்படியானால் பீரோ நேராக முன்னால் இடித்துத் தூணோடு சேர்த்து நசுக்கியிருக்கிறது, அதற்குப் பிறகுதான் வண்டி இந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. அவ்வளவு பாரம் ஏறியிருந்தால் குழாயே வளைந்திருக்கலாம், கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

போல்ட்டைத் தளர்த்தி நேராக்கிவிட்டால் போகிறது, நாளைக்கு ஒரு நாள் தாங்காதா என்றான் என் மகன். அவள் தலையை ஆட்டினாள்.

"ஆக்சிடென்ட்ல வந்தவங்களை எப்படி விழுந்தாங்கன்னு தெரியாம நாங்க கழுத்தைத் திருப்ப மாட்டோம். இதுவும் கழுத்துதாங்க. நாளைக்கு வேகமா வந்து பிரேக் பிடிக்கச் சொல்வாங்க. நம்பாத வண்டியில நான் பிடிக்க மாட்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடுவதாகச் சொன்னாள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாமாம். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. ஆனால் போனை எடுத்து வர உள்ளே போனவள் வெகு நேரம் வரவில்லை.

நான் படியில் உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளை முன்னால், அதுவும் மருமகள் முன்னால், இத்தனை நேரம் ஊரைக் கூட்டிவிட்டு எந்த வாயால் சொல்வது? மாமியார் கெட்டிக்காரி என்று இந்த வீட்டில் ஒரு பேர் இருக்கிறது, அது போய்விடும். போகட்டும். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"வை அதை," என்றேன். "பீரோ ஒண்ணும் நசுக்கல. நான்தான் போட்டேன்."

ஒரு வழியாக எல்லாவற்றையும் சொன்னேன். மணலிலிருந்து தூக்கியது, ஸ்டாண்டைப் பார்க்காதது, கைவிட்டுப் போனது, ஒன்று விடவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியதே இல்லை.

மருமகள் போனைத் துண்டித்துப் பையில் போட்டாள். கோபமோ வருத்தமோ முகத்தில் இல்லை; நோயாளியோடு வந்தவர்களிடம் கேட்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். சக்கரம் எந்த இடத்தில் செருகியது, ஹேண்டில் அப்போது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, கையை விட்ட பிறகு விழுந்ததா அல்லது கையோடு இறங்கியதா. நான் கையால் செய்து காட்டினேன். படியருகே குனிந்து, சக்கரம் உரசிய கறுப்புக் கோட்டைக் கண்டுபிடித்தாள். நிமிர்ந்தபோது அவள் முகமே மாறிவிட்டிருந்தது.

"வீல் மாட்டிக்கிச்சு, ஹேண்டில் மட்டும் திரும்பிருச்சு. மேல குழாயைக் கவ்வியிருக்கிற பிடிக்குள்ள அது முறுக்கிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான் அத்தை. வளையல."

"மாமியார் உடைச்சா மண்குடம்," என்று என் மகன் முனகினான்.

"யாரும் உடைக்கல. நீங்க போய்ப் பெரிய ஸ்பேனரை எடுத்துட்டு வாங்க," என்றாள் அவள்.

குழாய்களைப் பிடித்திருந்த போல்ட்டுகளையும் சக்கரத்தின் அச்சையும் தளர்த்தினாள். முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டினாள். இன்னும் கொஞ்சம். நான் பின்னாலிருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டேன், இந்தத் தடவை விடவில்லை. பிறகு முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காக முடுக்கினாள். கண்ணாடியைத் திரும்ப வைத்தபோது நாலு மூலையும் ஒட்டி உட்கார்ந்தது. தீக்குச்சியை எந்தப் பக்கம் வைத்தாலும் போகவில்லை. குழாய் வளைந்திருந்தால் இப்படி உட்காராது என்றாள். பொழுது சாய்வதற்குள் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். தெருமுனையிலிருந்து வேகமாக வந்து எங்கள் வாசலில் பிரேக் பிடித்தாள். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக வந்து நின்றது.

லாரிக்காரனுக்கு நானே போன் செய்தேன். இடித்தது நீதான், ஆனால் கெடுத்தது நான். அதனால் பாதித் திட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவன் பயந்துபோய்ச் சரிங்கம்மா என்றான்.

அந்த நீலத்தைத் துடைத்துவிடட்டுமா என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மறுநாள் தேர்வு மைதானத்துக்கு நானும் மகனும் போய் வேலிக்கு வெளியே நின்றோம். பைக்குகளைப் பரிசோதித்த அதிகாரி ஒவ்வொன்றையும் தடவிப் பார்ப்பவர். மருமகளின் வண்டிக்கு வந்ததும் நின்றுவிட்டார். வலது முனையின் நீலத்தை விரலால் சுரண்டினார். வண்டி விழுந்திருக்கிறதே என்று கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் பேர் இப்போது இத்தனை பேர் முன்னால் கப்பலேறப் போகிறது, ஏறட்டும், அவளை மட்டும் ஓட்ட விடுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

"நேத்து விழுந்துச்சு சார், ரெண்டு தடவை," என்றாள் அவள். குரல் கணீரென்று வேலி வரைக்கும் வந்தது. குழாய் முறுக்கியதையும், கோன்செட்டைப் பார்த்ததையும், நேராக்கியதையும் சொன்னாள். பிறகு கையை நீட்டி என்னைக் காட்டினாள். "அந்தா நிக்கிறாங்களே, எங்க அத்தை. ரெண்டு தடவையும் தனியாளாத் தூக்கி நிறுத்தினாங்க. எப்படி விழுந்துச்சுன்னு அவங்க சொல்லாம இருந்திருந்தா, இன்னிக்கு நான் வந்திருக்கவே மாட்டேன்."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானே ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்து, குழாய்களை ஆட்டிப் பார்த்து, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அவள் ஓட்டியதை நான் என்ன சொல்ல? குறுகலான வளைவுகளில் கால் ஊன்றவில்லை. வேகமாக வந்து பிரேக் பிடிக்கச் சொன்ன இடத்தில் மற்ற வண்டிகள் அப்படியும் இப்படியும் நெளிந்தன. என் மருமகளின் வண்டி கோட்டின்மேல் வந்து கோட்டின்மேலேயே நின்றது. என் கண்ணில் தண்ணீர் வந்ததால் பாதியைத்தான் பார்த்தேன். மீதியை மகன் சொன்னான்.

வேலை அவளுக்கே என்று மத்தியானம் அறிவித்தார்கள். அந்த அதிகாரி வேலிப்பக்கம் வந்து, இந்த பைக்கைத் தூக்கியது நீங்கள்தானா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

முந்தின நாள் பெற்ற பிள்ளையிடம் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொண்ட எனக்கு அன்றைக்கு மைதானமே கேட்கும் குரல் வந்தது.

"நான்தான் சார். தூக்கினதும் நான்தான், கீழ போட்டதும் நான்தான். இவ என் மருமக."