பஸ்ஸுக்குள் ஐந்நூற்று எண்பது வோல்ட்

போன வருடம் குவாபாராவின் வலது காது ஃபெயிலாகிவிட்டது.

மருத்துவப் பரிசோதனைத் தாளில் எடை, ரத்த அழுத்தம், கண் எல்லாம் பாஸ். காதுக்கு நேராக மட்டும் ‘குறைபாடு’ என்று முத்திரை. வேறு வேலையில் இருப்பவர் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். குவாபாரா இருந்ததோ ஜப்பானின் சைதாமாவில் ஒரு ஹெட்ஃபோன் கம்பெனியில், அதுவும் கடைசிக் கேட்பு அறையில். அவர் மாட்டிக் கேட்டுத் தலையாட்டாமல் இருபத்தாறு வருடமாக ஒரு ஹெட்ஃபோன்கூட அங்கிருந்து வெளியே போனதில்லை.

“இந்த வருஷமும் இப்படியே வந்துச்சுன்னா, பேக்கிங் பிரிவுதான் சார். நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்று பிரிவுத் தலைவி இனுகாய் தலை குனிந்து, மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டார்.

ஆகவே நவம்பரில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை பஸ் கம்பெனி வாசலில் வந்து நின்றபோது, குவாபாரா ஒரு பெரிய பெட்டியோடு வரிசையில் நின்றார்.

“என்ன சார், அப்படியே ஊருக்குக் கிளம்பறீங்களா?” என்று பின்னாலிருந்து கேட்டான் நுமாதா. கம்பெனி புதிதாக ஆரம்பித்த டைனமிக் ஹெட்ஃபோன் பிரிவை அவன்தான் கவனித்துக்கொண்டான். மற்ற எல்லாம் குவாபாராவின் உயிரான எலெக்ட்ரோஸ்டேடிக்.

“என் காதுல ஒண்ணும் இல்லை. இந்த பஸ்ல மாட்டி விடுறாங்களே, அந்த ஹெட்ஃபோனுக்குத்தான் காது கேக்கலை. டைனமிக் ஆச்சே! ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், அது தள்ளுற ஒரு தடிச்ச தகடு. பாட்டைப் போர்வையில சுத்திக் குடுக்கிற மாதிரி.”

“உங்களது மட்டும்?”

“தலைமுடியைவிட மெல்லிசா ஒரு சவ்வு. ரெண்டு வலைக்கு நடுவுல மின்சாரமே அதை ஆட்டுது. பாடுறவ மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்கும்டா.”

“அதுக்குத் தனிப் பெட்டி, தனி வயர், சூடேற அரை மணி நேரம். ரயில்ல மாட்டினா பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து கேப்பார். எங்களதை எதுல சொருகினாலும் பாடும் சார்!”

பஸ்ஸுக்குள் நர்ஸ் தொகாஷி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. நாளொன்றுக்கு இருநூறு காதைப் பார்ப்பவர். குவாபாரா பெட்டியைத் திறந்ததும் அவருடைய பேனா நின்றது.

“இது என்னங்க?”

“என் சொந்த ஹெட்ஃபோன், சிஸ்டர். உங்க மெஷின்ல சேர்க்க வயரும் நானே செஞ்சு கொண்டாந்திருக்கேன்.”

“இந்தப் பெட்டி எத்தனை வோல்ட்?”

“ஐந்நூற்று எண்பதுதான்.”

“தலையிலயா!”

வெளியே வரிசை நீண்டது. யாரோ இருமினார்கள். தொகாஷி கடிகாரத்தைப் பார்த்தார். “ஒரே ஒரு தடவை. ஆனா தாள்ல ஏறுறது எங்க ஹெட்ஃபோன் கணக்குதான். சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க.”

குவாபாரா கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கண்ணை மூடினார். கதவு வழியாக அவருடைய வயர்கள் போனதால் அதைச் சாத்தவே முடியவில்லை. அவர் ஹெட்ஃபோனோ இரண்டு பக்கமும் வெறும் வலை. வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும். பஸ்ஸின் ஜெனரேட்டர் கேட்டது. திரைக்குப் பின்னால் இடுப்பளவு எடுத்த பெண் “தொண்ணூற்று நாலு” என்றது கேட்டது. “மூச்சை உள்ள இழுத்துட்டேன், மறுபடி அளங்க” என்று கணக்குப் பிரிவு மானேஜர் கெஞ்சியதும் கேட்டது. காதில் ஒலிக்க வேண்டிய சத்தம் மட்டும் கேட்கவில்லை.

“ஒரு தடவைகூட நீங்க அமுக்கலையே சார்” என்றார் தொகாஷி.

“மானேஜருக்குத் தொண்ணூற்று நாலு. அதைக் கேட்டேனே! இதெல்லாம் செவிட்டுக் காதா?”

“அதுக்கு மார்க் கிடையாது” என்று சொல்லி, தன்னுடைய கறுப்பு ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டினார்.

பேக்கிங் பிரிவின் அட்டைப்பெட்டிகள் குவாபாராவின் கண் முன்னால் அடுக்கடுக்காக எழுந்தன. இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்டார். இடது பக்கம் ஏதோ லேசாக வந்தது. வலது பக்கம் ஒன்றுமில்லை.

தொகாஷி எழுந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். “ஏன் சார் அதைக் காதை விட்டுத் தூக்கிப் பிடிச்சிருக்கீங்க?”

உண்மைதான். வலது பக்கம் ஒரு விரல் இடைவெளி இருந்தது.

“அழுத்தக் கூடாது சிஸ்டர்! அழுத்தினா காத்து அடைச்சு, சவ்வு வலையில போய் ஒட்டிக்கும். புர்ர்ருன்னு அசிங்கமாச் சத்தம் வரும்!”

“இதுல சவ்வும் இல்லை, வலையும் இல்லை. கையை எடுங்க” என்று சொல்லி, மாவு பிசைகிறவர்போல இரண்டு பக்கமும் அழுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

உலகம் அடங்கியது. வலது காதில் ‘பீ’ என்று தெளிவாக, கண்ணாடிபோல ஒரு சத்தம். குவாபாரா பட்டனை அமுக்கினார். அடுத்து ‘பூம்’ என்று தாழ்வாக ஒரு சத்தம்; மறுபடி அமுக்கினார். எல்லாம் பாஸ்.

“முடிஞ்சுது, எழுந்திருங்க.”

“சிஸ்டர், அந்தத் தாழ்வான அடிச்சத்தத்தை இன்னொரு தடவை…”

“கேக்கலையா?”

“நல்லாக் கேட்டுச்சு. அதான் கேக்கறேன்.”

பஸ் வாசலில் நின்றபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நுமாதாவின் முகம் மெல்ல வெளுத்தது. இரண்டு வருடத்தில் அவன் அனுப்பிய ஒன்பது மாதிரி ஹெட்ஃபோன்களையும் குவாபாரா ‘அடிச்சத்தமே இல்லை’ என்று எழுதித் திருப்பியிருந்தார்.

“சார், தூக்கிப் பிடிச்சா அடிச்சத்தம் வெளியே போயிடுமே! என்னோடதையும் இப்படித்தான் கேட்டீங்களா?”

குவாபாரா தேறிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்பதாக இடுப்பை வளைத்து நன்றாகக் குனிந்தார்.

“ஒன்பதையும் கொண்டா. இப்பவே கேக்கறேன்.”

“எட்டைக் கழட்டி எறிஞ்சாச்சு சார். மனசு வெறுத்துப் போயி.”

“மிச்சம் ஒண்ணு?”

“என் பொண்ணு காலேஜுக்கு மாட்டிட்டுப் போறா. அடிச்சத்தம் பிரமாதமா இருக்குங்கிறா.”

“சாயங்காலம் உன் வீட்டுக்கு வர்றேன்” என்றார் குவாபாரா. “கொடுப்பாளா?”

“கஷ்டம் சார். நானே கெஞ்சித்தான் வாங்கணும்.”